தோட்ட மீன் குளத்துக்குக் குழாய் நீர்: குளோரினை அகற்றும் முழுமையான வழிகாட்டி

முந்தைய நாள் வரை துள்ளிக்கொண்டிருந்த மீன்கள் மறுநாள் காலையில் மொத்தமாகச் செத்து மிதந்தால், நோயைச் சந்தேகிப்பதற்கு முன் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். முந்தைய மாலையில் குளத்துக்குள் குழாய் நீர் விடப்பட்டிருந்தால், அந்தச் சந்தேகம் முதலில் குளோரின் மீதே விழ வேண்டும். குளோரினை நீக்கும் மருந்து எது என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். அதற்கு முன்பே விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள் மூன்று: குழாய் நீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறது, அது எந்த வகைக் குளோரின், குளத்துக்குள் எத்தனை லிட்டர் நீர் போகப்போகிறது. இந்த மூன்றும் தெரிந்தவருக்கு மருந்தைத் தேர்ந்தெடுப்பது சிறு வேலை. தெரியாதவர் எவ்வளவு நல்ல மருந்தை வாங்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுகிறவராகவே இருப்பார்.

குளோரின் மீனை என்ன செய்கிறது

நாம் குடிக்கும் நீரில் உள்ள சிறிதளவு குளோரின், வாயிலும் வயிற்றிலும் உள்ள கரிமப் பொருள்களோடு வினைபுரிந்து உடனே செயலிழந்துவிடுகிறது. இரத்தத்தை அது எட்டுவதில்லை. மீனுக்கு அந்த வசதி இல்லை. மீன் நீரைக் குடிப்பதைவிட நீரைச் சுவாசிக்கிறது என்பதே பொருத்தம். செவுளின் மெல்லிய இழைகளை இடைவிடாமல் நீர் தழுவிச் செல்கிறது; அந்த இழைகளின் மிக மெல்லிய செல் அடுக்குக்கு அப்பால் இரத்தம் ஓடுகிறது. நீரில் உள்ள குளோரின் அந்த அடுக்கை நேரடியாக எரிக்கிறது. எரிந்த செவுள் கோழையைச் சுரந்து வீங்குவதால், நீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் மீனுக்கு மூச்சுத் திணறுகிறது.

அளவுகளைப் பார்த்தால் இதன் தீவிரம் விளங்கும். குடிநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. வீட்டுக் குழாயில் வழக்கமாக வருவது 0.2 முதல் 2 மில்லிகிராம் வரை இருக்கும். நன்னீர் உயிரினங்களைக் காப்பதற்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த வரம்போ, குறுகிய நேரத்துக்கு லிட்டருக்கு 0.019 மில்லிகிராம், நீண்ட காலத்துக்கு 0.011 மில்லிகிராம். அதாவது, மனிதருக்குப் பாதுகாப்பானது என்று குழாயில் விடப்படும் நீர், மீனுக்குரிய வரம்பைப்போல் நூறு மடங்கு குளோரினைச் சுமந்துவரக்கூடும்.

மீனோடு சேர்ந்து இன்னொன்றும் சாகிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பில்டரின் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் படிந்து வாழ்கின்றன. குளோரினின் வேலையே பாக்டீரியாக்களைக் கொல்வதுதான் என்பதால், நல்லது எது கெட்டது எது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. பில்டரைக் குழாயடியில் பிடித்து அலசுகிறவர்கள் பலர். குளத்து நீரையே ஒரு வாளியில் எடுத்து அதில் அலசுவதுதான் சரி.

முதல் படி: எந்தக் குளோரின், எவ்வளவு

குடிநீரைக் கிருமி நீக்கம் செய்ய இரண்டு விதமான முறைகள் நடைமுறையில் உள்ளன. ஒன்று, குளோரின் வாயுவையோ ஹைப்போகுளோரைட்டையோ நேரடியாகச் சேர்ப்பது. இதனால் நீரில் இருப்பது தனிக் குளோரின். மற்றொன்று, குளோரினோடு அமோனியாவையும் சேர்த்து, நீண்ட குழாய்த் தொடர்களில் பல நாள்களுக்குச் சிதையாமல் நிற்கும் குளோரமினை உருவாக்குவது. மீன் வளர்ப்பவருக்கு இந்த வேறுபாடு உயிர் போகும் வேறுபாடு. தனிக் குளோரின் வெயிலில் வைத்தால் போய்விடும், குளோரமின் அவ்வளவு எளிதில் போகாது. தனிக் குளோரின் செவுளை எரிப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடும். குளோரமினோ செவுளைக் கடந்து இரத்தத்தில் புகுந்து, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடும். மனிதர்களுக்குச் சிறுநீரக டயாலிசிஸ் செய்யும் இடங்களில் குளோரமினை நீக்க இரண்டு கார்பன் தொட்டிகளை அடுத்தடுத்து வைக்கிறார்கள் என்பதும் இதே காரணத்தால்தான்: அங்கேயும் நீரும் இரத்தமும் ஒரு மெல்லிய சவ்வுக்கு இருபுறமும் ஓடுகின்றன.

நீரை வழங்கும் அமைப்பிடம் எந்த முறையைப் பின்பற்றுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆயினும் அளவைச் சோதனை செய்தே அறிய வேண்டும், ஏனெனில் அது நாளுக்கு நாள் மாறுகிறது. குழாய் உடைப்பைச் சரிசெய்த பிறகும், வெள்ளத்துக்குப் பிறகும், நீரில் கலங்கல் கூடும் காலங்களிலும் குளோரினை வழக்கத்தைவிட அதிகமாகச் சேர்ப்பது இயல்பு. ஐந்து வருடமாக இதே நீரைத்தான் விடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவருக்கு ஆறாவது வருடம் ஆகிறது. மூக்கை நம்புவதும் வேண்டாம். மீனைக் கொல்லப் போதுமான குளோரின் நம் மூக்குக்குத் தெரியாத அளவிலேயே இருந்துவிடும்.

சோதனைக்கு, குளோரின் பட்டால் சிவக்கும் டி.பி.டி. என்ற வேதிப்பொருளின் மாத்திரை அல்லது பொடியைப் பயன்படுத்தும் கருவியே நல்லது. நீச்சல்குளங்களுக்கு விற்கப்படும் கருவி போதும். சிறு கண்ணாடிக் குப்பியில் நீரை எடுத்து முதல் மாத்திரையைப் போட்டுக் கலக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். அதன் அடர்த்தி தனிக் குளோரினின் அளவைக் காட்டும். அதே குப்பியில் அடுத்த மாத்திரையையும் போட்டுச் சில நிமிடம் பொறுத்துப் பார்த்தால் மொத்தக் குளோரினின் அளவு தெரியும். இரண்டாவது அளவிலிருந்து முதல் அளவைக் கழித்தால் கிடைப்பது, குளோரமின் போன்ற இணைந்த குளோரின். முதல் மாத்திரைக்கு நிறமே வராமல் இரண்டாவது மாத்திரைக்கு நன்றாகச் சிவந்தால், அது குளோரமின் கலந்த நீர் என்று அறியலாம். முதல் மாத்திரைக்கே சிவந்து இரண்டாவதற்கு மாற்றமே இல்லையென்றால் அது தனிக் குளோரின். சொட்டு விட்டால் மஞ்சளாகும் பழைய ஆர்த்தோடொலிடின் முறை மொத்தக் குளோரினை மட்டும் தோராயமாகக் காட்டும். இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அது உதவும், வகை பிரிக்க உதவாது.

ஓர் எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமாக இருந்தால் டி.பி.டி. நிறம் ஒரு கணம் சிவந்து உடனே வெளுத்துவிடும். குளோரினே இல்லை என்று தோன்றும். தொட்டியைக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்ட பிறகு வரும் நீரில் இது நிகழக்கூடும். சந்தேகம் இருந்தால், ஒரு பங்கு குழாய் நீரோடு ஒன்பது பங்கு குளோரின் இல்லாத நீரைக் கலந்து மறுபடி சோதித்து, கிடைத்த அளவைப் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

நீரை எடுக்கும் இடமும் முக்கியம். குளத்துக்கு நீர் போகும் அதே குழாயிலிருந்து, இரண்டு நிமிடம் ஓடவிட்ட பிறகு எடுக்க வேண்டும். இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீர் குளோரினைக் குறைத்துக் காட்டும்.

இரண்டாம் படி: நீரின் அளவைக் கணக்கிடுதல்

குளம் புதிதாகக் கட்டப்படும்போதே, நிரப்புகையில் நீர் மானியின் அளவைக் குறித்துவைத்துக்கொண்டவர் பாக்கியசாலி. மற்றவர்கள் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை மீட்டரில் அளந்து பெருக்கி, 1000 ஆல் மறுபடி பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் ஆழம் கொண்ட குளம் பெட்டி வடிவில் இருந்தால் 3600 லிட்டர் கொள்ளும். ஆனால் தோட்டக் குளங்களுக்குச் சரிவான ஓரங்களும் செடி வைக்கும் படிகளும் இருப்பதால் உண்மையில் ஏறத்தாழ 3000 லிட்டரே இருக்கும்.

நடைமுறையில் அதிகம் தேவைப்படுவது குளத்தின் மொத்தக் கொள்ளளவைவிட, இன்று சேர்க்கப்போகும் நீரின் அளவுதான். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. நீர்ப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும், ஒவ்வொரு சென்டிமீட்டர் மட்டம் இறங்குவதும் 10 லிட்டருக்குச் சமம். மேலே சொன்ன 6 சதுர மீட்டர் குளத்தில் 10 சென்டிமீட்டர் நீரை இறைத்து வெளியேற்றினால், திருப்பி ஊற்ற வேண்டியது 600 லிட்டர். குளத்தின் உள் சுவரில் சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு அளவுகோலை ஒட்டிவைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் மனக்கணக்கிலேயே முடிந்துவிடும்.

மூன்றாம் படி: முறையைத் தேர்ந்தெடுத்தல்

வெயிலில் வைத்தல். தனிக் குளோரின் மட்டுமே உள்ள நீருக்கும், வாரத்துக்குச் சில நூறு லிட்டர் மட்டுமே தேவைப்படும் குளத்துக்கும் இதைவிட மலிவான, பாதுகாப்பான முறை கிடையாது. வாய் அகன்ற தொட்டியில் நீரைப் பிடித்து, மூடாமல், நேரடி வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டும். பெரும்பாலோர் நினைப்பதுபோல் குளோரின் வாயுவாகக் கிளம்பிக் காற்றில் கலந்துவிடுவதால் மட்டும் நீர் சுத்தமாவதில்லை. வழக்கமான குழாய் நீரின் பி.எச். அளவில் குளோரின், ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட் அயனியாகவும் கரைந்தே இருக்கிறது. இவை எளிதில் ஆவியாவதில்லை. அவற்றை உடைப்பதில் பெரும்பங்கு சூரிய ஒளியின் புற ஊதாக் கதிருக்கு உரியது. அதனால்தான் நல்ல வெயிலில் ஆழமில்லாத தொட்டி ஒரே பகலில் சுத்தமாகிவிடுகிறது. மூடிபோட்ட கறுப்புத் தொட்டியில் நாள்கணக்கில் குளோரின் தங்கிவிடுகிறது. ஏர் பம்பு வைத்துக் குமிழி விடுவது பயனுள்ளதே; அடியில் உள்ள நீரை ஒளி படும் மேற்பரப்புக்கு அது கொண்டுவருகிறது. வழக்கமாகச் சொல்லப்படும் 24 முதல் 48 மணி நேரம் என்ற கணக்கைத் தொடக்கப்புள்ளியாக மட்டும் கொள்ள வேண்டும். மேகமூட்டமான நாளில் அது போதாமல் போகலாம். முடிவைச் சொல்ல வேண்டியது கடிகாரம் அல்ல, சோதனைக் குப்பி.

குளோரமின் கலந்த நீருக்கு இந்த முறையை நம்பக்கூடாது.

சோடியம் தயோசல்பேட். ஹைப்போ என்று புகைப்படக் கலைஞர்களும், ஆன்டி குளோரின் என்ற பெயரில் மீன் வளர்ப்பவர்களும் அறிந்த இந்த வெண்படிகம்தான் சந்தையில் உள்ள பெரும்பாலான குளோரின் நீக்கிகளின் உள்ளடக்கம். தனிக் குளோரினோடு கலந்தவுடன் வினைபுரிந்து, அதைத் தீங்கற்ற குளோரைடாக மாற்றிவிடுகிறது. நடுநிலையான நீரில் 1 மில்லிகிராம் குளோரினை நீக்க ஏறத்தாழ 7 மில்லிகிராம் படிகம் தேவை. இது நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்த படிக வடிவத்துக்கான கணக்கு. நீர் நீக்கிய பொடியாக இருந்தால் 4.5 மில்லிகிராம் போதும். வாங்கும்போது புட்டியில் எது என்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் கிராம் கணக்கில் நிறுத்துக்கொண்டிருப்பது தொல்லை என்பதால், முன்கூட்டியே ஒரு கரைசல் தயாரித்து வைத்துக்கொள்ளலாம். 70 கிராம் படிகத்தைச் சிறிது நீரில் கரைத்து, மொத்தம் 1 லிட்டர் ஆகும்வரை குளோரின் இல்லாத நீரைச் சேர்க்க வேண்டும். இந்தக் கரைசலின் ஒவ்வொரு மில்லிலிட்டரும் 10 மில்லிகிராம் குளோரினை நீக்கும். நம் எடுத்துக்காட்டுக் குளத்துக்கு 600 லிட்டர் நீர் தேவை, சோதனையில் கிடைத்த அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் குளோரின் 900 மில்லிகிராம். தேவைப்படும் கரைசல் 90 மில்லிலிட்டர். சோதனையின் துல்லியக் குறைவையும், குளோரின் அன்றன்று கூடுவதையும் கருதி, இதற்கு மேல் பாதியளவு சேர்த்து 135 மில்லிலிட்டராக ஊற்றுவது என் வழக்கம். தயோசல்பேட் சற்றுக் கூடிப்போனால் மீனுக்குத் தீங்கில்லை; குறைந்துபோனால் தீங்கு உண்டு. ஆகவே தவறுவதானால் கூடுதல் பக்கமே தவற வேண்டும்.

கரைசலை மூடிய புட்டியில், ஒளி படாத இடத்தில், தயாரித்த தேதியை ஒட்டி வைக்க வேண்டும். நாள்பட்ட கரைசல் வலுவிழந்து கந்தகம் படிந்து கலங்கும். கலங்கலைக் கண்டால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். அமிலத்தோடு இதைக் கலந்தால் மூச்சை அடைக்கும் கந்தக டை ஆக்சைடு வாயு வெளிவரும் என்பதால், பி.எச். குறைக்கும் அமிலத்துக்குப் பக்கத்தில் இதை வைக்கவும் கூடாது, ஒரே வாளியில் இரண்டையும் அளக்கவும் கூடாது.

அஸ்கார்பிக் அமிலம். விட்டமின் சி என்று நாம் அறிந்த இதே பொருள் குளோரினையும் குளோரமினையும் நீக்கும். 1 மில்லிகிராம் குளோரினுக்கு ஏறத்தாழ 2.5 மில்லிகிராம் போதும். நீரின் காரத்தன்மை குறைவாக இருந்தால் பி.எச். இறங்கிவிடும் என்பதால், அங்கே சோடியம் அஸ்கார்பேட் வடிவம் பொருத்தமானது, அது 2.8 மில்லிகிராம் வேண்டும். கரைசலாக்கி வைத்தால் விரைவில் கெட்டுவிடும், அன்றன்றே கரைக்க வேண்டும்.

குளோரமின் இருந்தால் என்ன செய்வது என்பது தனியாகப் பேச வேண்டியது. தயோசல்பேட்டோ அஸ்கார்பிக் அமிலமோ குளோரமினில் உள்ள குளோரினை நீக்கிவிடும். அதோடு பிணைந்திருந்த அமோனியா விடுபட்டு நீரிலேயே நின்றுவிடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் இணைந்த குளோரின் உள்ள நீரிலிருந்து ஏறத்தாழ 0.3 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் வெளிவரும். இந்த அமோனியா முழுவதும் நஞ்சல்ல. அயனியாகாத பகுதியே நஞ்சு. அந்தப் பகுதி, 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பி.எச். 7 இருக்கும்போது நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு; 8 இல் ஏறத்தாழ 5 சதவீதம்; 9 இல் 36 சதவீதம். பாசி நிறைந்த பச்சைக் குளங்களில் பிற்பகலில் பி.எச். 9 ஐத் தொடுவது அபூர்வம் அல்ல. குளோரமின் நீரை அந்த நேரத்தில் விடுவதைவிட, பி.எச். தாழ்ந்திருக்கும் காலை வேளையில் விடுவது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் இதைக் கண்டு மிரளவும் வேண்டாம். 3000 லிட்டர் குளத்தில் 600 லிட்டர் நீர் மாற்றினால், அந்த 0.3 மில்லிகிராம் ஐந்தில் ஒன்றாகி 0.06 ஆகிவிடும். நன்கு பழகிய பில்டர் உள்ள குளம் அதைத் தாங்கிக்கொள்ளும். பில்டர் இன்னும் பழகாத புதுக் குளத்திலும், பாதிக்கு மேல் நீரை மாற்றும்போதும்தான் அமோனியாவையும் சேர்த்துப் பிணைக்கும் மருந்து தேவைப்படும். ஹைட்ராக்சிமீத்தேன் சல்பொனேட் அடங்கிய மருந்துகள் இந்த வேலையைச் செய்கின்றன. அவற்றைப் பயன்படுத்திய பிறகு, நெஸ்லர் முறையில் அமோனியாவைச் சோதித்தால் தவறான அளவு காட்டும். சாலிசிலேட் முறைக் கருவியையே பயன்படுத்த வேண்டும். சிலர் இதை அறியாமல், அமோனியா குறையவே இல்லையே என்று மேலும் மேலும் மருந்து ஊற்றி, நீரில் ஆக்சிஜனைக் குறைத்துவிடுகிறார்கள்.

ஆக்டிவேட்டட் கார்பன். அடிக்கடி நீர் விட வேண்டிய பெரிய குளத்துக்கு இதுவே வசதி. கார்பனின் மேற்பரப்பில் தனிக் குளோரின் நேரடியாக வினைபுரிந்து குளோரைடாக மாறுகிறது. குளோரமினோடு இந்த வினை மிக மெதுவாக நடப்பதால், நீர் கார்பனோடு தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். இதற்கான கணக்கு எளிது: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் நீர் ஓடுகிறதோ அதை வேண்டிய நிமிடங்களால் பெருக்கினால், எத்தனை லிட்டர் கார்பன் வேண்டும் என்று தெரியும். தனிக் குளோரினுக்கு 2 முதல் 3 நிமிடமும் குளோரமினுக்கு 10 நிமிடமும் வைத்துக்கொள்வது நல்லது. நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடும் குழாயில் குளோரமினை நீக்க 50 லிட்டர் கார்பன் தேவை என்றாகிறது. சமையலறைக் குழாயில் மாட்டும் கையளவு கார்பன் குப்பியைத் தோட்டக் குழாயில் மாட்டி, முழு வேகத்தில் திறந்துவிடுபவர் தம்மை ஏமாற்றிக்கொள்கிறார். 600 லிட்டர் நீரை நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் விட்டால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அவ்வளவு பொறுமை இருந்தால் போதும்.

கார்பனுக்கு ஆயுள் உண்டு. எப்போது தீர்ந்தது என்று வெளித்தோற்றத்தில் தெரியாது; வெளிவரும் நீரை வாரம் ஒரு முறையாவது டி.பி.டி. மாத்திரையால் சோதிப்பதே வழி. நிறம் லேசாகத் தெரியத் தொடங்கிய நாளே மாற்ற வேண்டிய நாள். அடுப்புக்கரியோ மரக்கரியோ இதற்கு ஈடாகாது.

நீரைக் கொதிக்க வைத்தால் குளோரின் போய்விடும் என்பது உண்மைதான். குளத்துக்கு எத்தனை அண்டா வைப்பது? எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையும் தேவையற்ற செலவு, பெரும்பகுதி நீரும் வீணாகிறது.

நான்காம் படி: குளத்துக்குள் நீரை விடுதல்

இருப்பதிலேயே பாதுகாப்பானது, தனித் தொட்டியில் நீரைப் பிடித்து, அங்கேயே குளோரினை நீக்கி, சோதித்து, பிறகு குளத்துக்கு மாற்றுவதுதான். தொட்டியில் கரைசலை ஊற்றி நன்றாகக் கலக்கி, பத்து நிமிடம் பொறுத்து, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தின் மேல் குப்பியை வைத்து மேலிருந்து பார்க்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில்தான் மிக மெல்லிய சிவப்பு கண்ணுக்குத் தெரியும். நிறம் சிறிதளவும் தெரியக்கூடாது. டி.பி.டி. சோதனை, மீனுக்கான 0.019 மில்லிகிராம் வரம்பை நம்பகமாகக் காட்டும் அளவுக்கு நுட்பமானது அல்ல; ஆகவே சந்தேகமான நிறத்தைப் பரவாயில்லை என்று விடக்கூடாது.

தனித் தொட்டிக்கு இடமில்லாமல் குளத்துக்குள்ளேயே குழாயை விடுவதானால், வரிசை மாறக்கூடாது. முதலில் மருந்து, பிறகு நீர். மருந்து முழுவதையும் குளத்தில் பல இடங்களில் தெளித்து, பம்பு ஓடிக் கலந்த பிறகே குழாயைத் திறக்க வேண்டும். கணக்குப்படி புது நீருக்கு மட்டும் மருந்து போதும் என்றாலும், குழாயின் வாயருகே மருந்து கலக்குமுன் குளோரின் அடர்த்தியாக நிற்கும் பகுதி ஒன்று உருவாகும். புது நீரின் குளிர்ச்சிக்காக மீன்கள் அங்கேயேதான் கூடும். அதனால் இந்த முறையில் குளத்தின் மொத்தக் கொள்ளளவுக்கும் உரிய அளவை இடுவதே பாதுகாப்பு. குழாயின் வாயை அருவி விழும் இடத்திலோ பம்பு நீர் வெளிவரும் இடத்திலோ, மீன்கள் நிற்கும் மூலைக்கு எதிர்ப்பக்கமாகக் கட்டிவைக்க வேண்டும். நீர் பூவாளி வழியே சிதறி விழுமாறு செய்தால் இன்னொரு நன்மையும் உண்டு: குழாயின் அழுத்தத்தில் நீருக்குள் அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும் காற்று வெளியேறிவிடும். அப்படி வெளியேறாவிட்டால் மீனின் இரத்தக் குழாய்களுக்குள் குமிழிகள் உருவாகும் ஆபத்து உண்டு. குளத்து நீருக்கும் புது நீருக்கும் வெப்ப வேறுபாடு 2 அல்லது 3 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதும், ஒரே தடவையில் 20 சதவீதத்துக்கு மேல் மாற்றாமல் இருப்பதும் நல்லது.

இவ்வளவு கணக்கும் தெரிந்த பிறகும் மீன்கள் சாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: திறந்துவிட்டு மறந்துபோவது. நானும் மறந்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் வந்து அடைத்துவிடலாம் என்று குழாயைக் குளத்தின் ஓரத்தில் போட்டுவிட்டு உள்ளே போனவன், வேறு வேலையில் மூழ்கி, மறுநாள் விடியலில் நீர் வழிந்தோடும் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். ஓரக் கற்களின் மேல் நீர் தகடுபோல வழிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் வயதான இரண்டு தங்க மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. 600 லிட்டருக்காக அளந்து ஊற்றிய மருந்து, இரவெல்லாம் ஓடிய பல ஆயிரம் லிட்டருக்கு எப்படிப் போதும்? அன்று முதல் குழாயில், வேண்டிய நேரம் முடிந்ததும் தானாக அடைத்துக்கொள்ளும் டைமர் பூட்டியிருக்கிறேன். குளோரின் நீக்கியைவிட அதுவே முதலில் வாங்க வேண்டிய பொருள் என்று இப்போது தோன்றுகிறது. டைமர் இல்லாதவர்கள், நீர் ஓடும்வரை குளத்தங்கரையை விட்டு நகராமல் இருப்பதே மேல்.

வெயில் காலத்தில் ஆவியாகும் நீரை ஈடுசெய்யச் சொட்டுச் சொட்டாக நீர் விடும் மிதவை வால்வு வைப்போர் உண்டு. பெரிய குளத்தில், கரிமப் பொருள் நிறைந்த நீரில், சொட்டாக விழும் குளோரின் உடனுக்குடன் செயலிழந்துவிடும் என்பதால் இது பொதுவாகச் சரியாகவே நடக்கும். ஆயினும் மிதவை சிக்கி வால்வு திறந்தபடியே நின்றுவிட்டால், மேலே சொன்ன கதைதான். வால்வுக்கு முன்னால் ஒரு கார்பன் குப்பியும், ஓட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு சிறு அடைப்பானும் இருந்தால் கவலையில்லை.

புதுக் குளத்தை முதன்முறை நிரப்பும்போது

மீன்கள் இல்லாததால் அவசரமும் இல்லை. முழுவதும் நிரப்பி, பம்பை ஓட்டி, ஒரு வாரம் வெயிலில் விட்டுவிட்டுச் சோதித்தால் போதும். குளோரமின் நீராக இருந்தால் மட்டும் மருந்து இட வேண்டும். பிறகு மீதமிருக்கும் அமோனியா, பில்டரில் பாக்டீரியா வளர்வதற்கு உணவாகிவிடும். பில்டருக்குள் பாக்டீரியாவைப் புகுத்துவது குளோரின் முற்றிலும் நீங்கிய பிறகே.

குளோரின் பட்டுவிட்டால்

மீன்கள் ஒரே நேரத்தில் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளப்பது, துள்ளிக் குளத்துக்கு வெளியே விழுவது, தாறுமாறாகப் பாய்ந்து சுவரில் மோதுவது, உடல் வெளுத்துக் கோழை படர்வது, துடுப்பின் அடியில் சிவப்பது ஆகியவை அறிகுறிகள். செவுள் மூடியை மெல்லத் தூக்கிப் பார்த்தால், செங்கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இழைகளின் ஓரம் வெளிறியிருக்கும்.

உடனே குழாயை அடைத்து, குளத்தின் மொத்தக் கொள்ளளவையும் வைத்து தயோசல்பேட் இட வேண்டும். சோதனை செய்துகொண்டிருக்க நேரமில்லை. குளத்து நீர் முழுவதும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் கொண்டது என்று கருதி, 1000 லிட்டருக்கு 14 கிராம் படிகத்தை ஒரு வாளி குளத்து நீரிலேயே கரைத்து, கரையைச் சுற்றி நடந்தபடி ஊற்ற வேண்டும். அடுத்து, இருக்கும் எல்லா ஏர் பம்பையும் ஓட விட வேண்டும். எரிந்த செவுளுக்கு வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜன் வேண்டும். குளோரின் இல்லாத நீர் வேறு தொட்டியில் தயாராக இருந்தால், சாய்ந்து கிடக்கும் மீன்களை வலையில் துரத்தாமல் பாத்திரத்தால் மொண்டு அதற்கு மாற்றலாம். அயோடின் கலக்காத உப்பை 1000 லிட்டருக்கு 1 கிலோ வீதம் கரைத்துச் சேர்த்தால், செவுள் சிதைந்த மீன் தன் உடலின் உப்புச் சமநிலையைக் காத்துக்கொள்ள உதவும். அல்லியும் தாமரையும் உள்ள குளத்தில் உப்பைக் கூட்ட வேண்டாம். அங்கே மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி, அதில் இடுவதே நல்லது.

அன்று பிழைத்துவிட்ட மீனும் அடுத்த இரண்டு வாரம் ஆபத்திலேயே இருக்கிறது, ஏனெனில் பில்டரின் பாக்டீரியாக்கள் செத்திருக்கும். இரண்டு மூன்று நாள் உணவை நிறுத்திவிட்டு, பிறகு வழக்கத்தில் கால் பங்காகத் தொடங்கலாம். அமோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் சோதித்து, ஏதேனும் ஒன்று ஏறத் தொடங்கினால், தனித் தொட்டியில் குளோரின் நீக்கிச் சோதித்த நீரால் 10 சதவீதம் மாற்ற வேண்டும். இரண்டு அளவுகளும் தொடர்ந்து ஒரு வாரம் பூச்சியமாகவே நின்ற பிறகே மீன்களுக்குப் பழைய அளவு உணவைக் கொடுக்கலாம்.